விஞ்ஞானிகளின் வரலாறு: ஈ. கே. ஜானகி அம்மாளும் கலப்பிரிவின் கதிரும்



கலப்பிரிவு என்னும் பாடப்பரப்பில் உங்களிற் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. முன்னவத்தை, அனுவவத்தை, மேன்முகவவத்தை, ஈற்றவத்தை என்னும் நான்கு பெயர்களையும் வரிசை மாறாமல் மனப்பாடம் செய்து விடுவீர்கள். படங்களையும் வரைந்து விடுவீர்கள். ஆனால் கலத்தின் நடுவே வரிசையாக நின்ற நிறமூர்த்தங்கள் அடுத்த படத்தில் இரு முனைவுகளுக்கும் எவ்வாறு போய்ச் சேர்ந்தன என்று கேட்டால், கதிர் என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டுப் பேனாவை வைத்து விடுவீர்கள். அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை உங்களுக்கு உதவும்.

அவர் ஈ. கே. ஜானகி அம்மாள். நிறமூர்த்தங்களை எண்ணுவதிலேயே தம் வாழ்நாளைக் கழித்தவர். கதிர் உருவாகாமல் தடுக்கும் மருந்தொன்றைப் பயன்படுத்திப் புதிய தாவரங்களைத் தோற்றுவித்தவர். அம்மருந்து இருக்கும் கொடி மட்டக்களப்பு மாவட்டத்தின் பற்றைக் காடுகளிலும் வளர்கிறது. எனவே பாசிக்குடாவிலும் கல்குடாவிலும் வாழைச்சேனையிலும் இருந்து படிக்கும் உங்களுக்கு இது தொலைதூரத்துக் கதையன்று.

1. பிறப்பும் கல்வியும்

ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4 ஆந் திகதி தலச்சேரியில் பிறந்தார். இன்று கேரளத்தில் உள்ள அவ்வூர் அக்காலத்தில் சென்னை மாகாணத்துக்கு உட்பட்டிருந்தது. தந்தையார் நீதித்துறையில் பணியாற்றியவர். இயற்கையிலும் தோட்டத்திலும் பறவைகளிலும் ஈடுபாடு மிக்கவர். வீடு நிறையப் பிள்ளைகள். சகோதரிகள் ஒவ்வொருவராகத் திருமணம் செய்து சென்றனர். ஜானகிக்கும் உறவுக்குள் மாப்பிள்ளை பார்க்கப்பட்டது. அவர் படிப்பைத் தெரிவு செய்தார். இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

அக்காலத்தில் பெண்ணொருவர் பள்ளிக்கூடம் போவதே பெரிய காரியம் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஜானகி தலச்சேரியில் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னைக்கு வந்தார். இராணி மேரிக் கல்லூரியிலும் பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1921 இல் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். அதன்பின் சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணிபுரிந்தார்.

அங்கிருந்தபோது ஆசிய நாட்டுப் பெண்களுக்கென வழங்கப்பட்ட பார்பர் புலமைப்பரிசில் அவருக்குக் கிடைத்தது. அதன்மூலம் ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று முதுமாணிப் பட்டம் பெற்றார். சென்னைக்குத் திரும்பிப் படிப்பித்துவிட்டு மீண்டும் அங்கு சென்று, 1931 இல் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் பெற்றார். கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தாவரத்தின் நிறமூர்த்தங்களே அவருடைய ஆய்வுப் பொருள். இவ்வாறு கலவியல் அவரது வாழ்நாட் துறையாயிற்று.

2. அவர் நுணுக்குக்காட்டியில் கண்டது என்ன?

இங்கே சற்று நின்று, அக்காலத்தில் விஞ்ஞானிகள் எதை அறிந்திருந்தனர் என்று பாருங்கள்.

ஜேர்மனியரான வால்தர் பிளெமிங் சலமந்தர் என்னும் ஈரூடகவாழியின் குடம்பிகளில் கலங்கள் பிரிவதைச் சாயமிட்டு ஆராய்ந்தார். கருவினுள் நூல் போன்ற அமைப்புகள் தோன்றுவதையும் அவை நீளப்பாட்டில் இரண்டாகப் பிளப்பதையும் கண்டு, 1882 இல் இழையுருப்பிரிவு என்று நாம் இன்று வழங்கும் பெயரின் மூலச்சொல்லை அறிமுகப்படுத்தினார். மற்றொரு ஜேர்மனியரான தியடோர் பொவேரி கடல் முள்ளெலியின் முட்டைகளை ஆராய்ந்தார். இத்தாலியின் நேப்பிள்ஸ் கடற்கரையிலிருந்த ஆய்வு நிலையம் அவருக்குப் பெரிதும் பயன்பட்டது. பவளப்பாறைகளின் இடுக்குகளில் கறுப்பு முட்களை நீட்டிக்கொண்டிருக்கும் கடல் முள்ளெலியைக் கடலோரப் பிள்ளைகளாகிய நீங்கள் கண்டிருப்பீர்கள். பல கடல் முள்ளெலி இனங்களின் முட்டைகள் கண்ணாடி போல் ஊடுபுகவிடுபவை. அதனால் விலங்குக் கலத்தின் பிரிவை அவற்றில் எளிதாகக் காணலாம்.

பொவேரி கண்டது முக்கியமானது. சில வேளைகளில் ஒரு முட்டையினுள் இரண்டு விந்துகள் புகுந்துவிடும். அப்போது இரண்டு முனைவுகளுக்குப் பதிலாக மூன்று அல்லது நான்கு முனைவுகள் தோன்றும். நிறமூர்த்தங்கள் பல பக்கமும் இழுபட்டுத் தாறுமாறாகப் பங்கிடப்படும். அத்தகைய முளையங்கள் பெரும்பாலும் ஒழுங்காக வளர்வதில்லை. ஆகவே நிறமூர்த்தங்கள் சரியாகப் பங்கிடப்படுவது உயிரின் இருப்புக்கே இன்றியமையாதது என்பது புலப்பட்டது.

3. கதிர் எவ்வாறு உருவாகிறது?

விலங்குக் கலமொன்றில் கதிர் உருவாகும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

(அ) கருவுக்கு அருகே புன்மையத்திச் சோடி ஒன்று உண்டு. பிரிவுக்கு முன்னர், டி.என்.ஏ. இரட்டிக்கும் காலத்தை அண்டி, இச்சோடியும் இரட்டித்து இரண்டு சோடிகளாகும்.

(ஆ) முன்னவத்தையில் இரு சோடிகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக் கலத்தின் எதிரெதிர்ப் பக்கங்களுக்குச் செல்லும். இவையே இரு முனைவுகள். ஒவ்வொன்றிலிருந்தும் மிக நுண்ணிய குழாய்கள் எல்லாத் திசைகளிலும் வளரத் தொடங்கும். இவை நுண்புன்குழாய்கள். தியூபியுலின் என்னும் புரத அலகுகள் செங்கல் அடுக்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்று சேர்வதால் இவை நீளும். அலகுகள் கழன்றால் குறுகும். ஒரு குழாயின் விட்டம் ஏறத்தாழ 25 நனோமீற்றர் மாத்திரமே.

(இ) கருமென்சவ்வு மறைந்ததும் இக்குழாய்கள் நிறமூர்த்தங்களைச் சென்றடையும். ஒவ்வொரு நிறமூர்த்தமும் இப்போது இரண்டு அரைநிறவுருக்களால் ஆனது. இரண்டும் மையப்பாத்தில் நெருக்கமாக இணைந்திருக்கும். ஓர் அரைநிறவுரு ஒரு முனைவிலிருந்து வரும் நாருடனும், அதன் சோடி எதிர்முனைவிலிருந்து வரும் நாருடனும் பொருந்தும்.

(ஈ) இரு பக்கமும் இழுவை சமமாக இருப்பதால் நிறமூர்த்தங்கள் நடுவில், மத்தியகோட்டுத் தளத்தில், வரிசையாக நிற்கும். இது அனுவவத்தை.

(உ) எல்லா நிறமூர்த்தங்களும் சரியாகப் பொருந்திய பின்னரே அடுத்த படி நிகழும். ஒன்றேனும் பொருந்தாமல் நின்றால் கலம் காத்திருக்கும். எல்லாம் சரியானதும் அரைநிறவுருக்களைச் சேர்த்துக் கட்டியிருக்கும் புரதத்தை ஒரு நொதியம் வெட்டும். உடனே அவை பிரிந்து எதிரெதிர் முனைவுகளை நோக்கி நகரும். இது மேன்முகவவத்தை.

இதை விளங்கிக்கொள்ள மட்டக்களப்பின் கொம்புமுறி விளையாட்டை எண்ணிப் பாருங்கள். வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொழுவி, இரண்டிலும் வடம் கட்டி, வடசேரியார் ஒரு புறமும் தென்சேரியார் மறுபுறமுமாக நின்று இழுப்பார்கள். கொழுவிய கொம்புகள் நடுவே நின்று அதிரும். அந்த நிலைதான் அனுவவத்தை. வடம் இறுகி நிற்கிறதா என்று பார்த்தே பிடி சரி என்று அறிவது போல, கலமும் இழுவையை வைத்தே நார்கள் சரியாகப் பொருந்தியுள்ளனவா என்று அறிகிறது. ஆனால் ஒரு வேறுபாட்டை மறவாதீர்கள். விளையாட்டில் ஒரு கொம்பு முறியும்; ஒரு சேரி வெல்லும். கலத்தில் எதுவும் முறிவதில்லை. கொழுவியிருந்த இணைப்பு மாத்திரம் அவிழ்கிறது. இரு புறத்துக்கும் சமபங்கு கிடைக்கிறது.

கவனிக்க: கதிர்நார் தசைபோல் சுருங்கி நிறமூர்த்தத்தை இழுக்கிறது என்று எழுதுவது பிழை. நாரின் முனையிலிருந்து தியூபியுலின் அலகுகள் கழல்வதால் நார் குறுகுகிறது. குறுகும் நாரைப் பற்றியபடியே அரைநிறவுரு முனைவை நோக்கிச் செல்கிறது. அதேவேளை நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் நார்கள் வழுக்கி விலகுவதால் முனைவுகளும் தம்முள் தூரமாகின்றன.

ஈற்றவத்தையில் இரு புறமும் கருமென்சவ்வு மீளத் தோன்றும். கதிர் மறையும். விலங்குக் கலத்தில் நடுப்பகுதி உள்நோக்கிக் குறுகி இரண்டாகப் பிரியும். தாவரக் கலத்தில் நடுவே கலத்தட்டு உருவாகும். உயர் தாவரங்களின் கலங்களில் புன்மையத்திகள் இல்லை. எனினும் அவற்றிலும் கதிர் உருவாகிறது. இந்த இரு வேறுபாடுகளையும் தவறாது நினைவிற் கொள்க.

4. கோயம்புத்தூரில் கரும்பு

இனி ஜானகி அம்மாளிடம் திரும்புவோம். 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரத்தில் மகாராஜா விஞ்ஞானக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவர், 1934 இல் கோயம்புத்தூரிலிருந்த கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். 1912 இல் தொடங்கப்பட்ட அந்நிலையம், இனிப்பு மிக்க கரும்பையும் இந்தியாவின் காட்டுக் கரும்பையும் கலந்து, நோயையும் வரட்சியையும் தாங்கும் புதிய இனங்களை உருவாக்கி வந்தது.

இங்கு நிறமூர்த்த எண்ணிக்கை ஏன் முக்கியமாகிறது என்று கேட்பீர்கள். வெங்காயத்தின் உடற்கலத்தில் 16 நிறமூர்த்தங்கள் உண்டு. நெல்லில் 24, தென்னையில் 32, மனிதரில் 46. இனிப்புக் கரும்பில் 80. காட்டுக் கரும்பிலோ இடத்துக்கு இடம் எண்ணிக்கை வேறுபடுகிறது. எந்த இரண்டைக் கலந்தால் எது பிறக்கும் என்று அறிய முதலில் எண்ணத் தெரிய வேண்டும். ஜானகி அம்மாள் கரும்பைச் சோளம், மக்காச்சோளம் போன்ற வேறு சாதிப் புற்களோடும் கலந்து பார்த்தார். மக்காச்சோளத்தில் 20 நிறமூர்த்தங்களே உண்டு. இத்தனை வேறுபட்ட இரண்டுக்குப் பிறந்த கலப்பினங்களின் கலங்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, எந்த நிறமூர்த்தம் எவரிடமிருந்து வந்தது என்று கணித்தார். காட்டுக் கரும்பு இந்தியாவில் தோன்றியது என்னும் கருத்துக்கு அவரது ஆய்வுகள் வலுச் சேர்த்தன.

1935 இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார். எனினும் அந்நிலையத்தில் அவரது நாட்கள் இலகுவாக இருக்கவில்லை. அவர் பெண், தனித்து வாழ்ந்தவர், உயர்ந்ததென்று அன்று கருதப்படாத சாதியில் பிறந்தவர். உடன் பணிபுரிந்த ஆண்களிடையே இவை மூன்றும் அவருக்குத் தடைகளாயின. நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரு நிறமூர்த்தம் எவருடைய சாதியையும் சொல்வதில்லை. ஆய்வுகூடத்தின் வாசலில் நின்ற மனிதர்கள் அதைக் கேட்டார்கள்.

5. போர்க்கால இலண்டன்

1939 ஆகஸ்ட் மாதத்தில் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறப்புரிமையியலாளர்களின் ஏழாவது சர்வதேச மாநாடு நடைபெற்றது. அதில் பங்குபற்ற அவர் சென்றிருந்தார். மாநாடு முடிவதற்குள்ளாகவே போர்மேகம் சூழ்ந்தது. செப்டெம்பர் தொடக்கத்தில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஜானகி அம்மாள் இங்கிலாந்திலேயே தங்கினார். 1940 முதல் 1945 வரை இலண்டனில் ஜோன் இன்ஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் ஆய்வாளராகப் பணியாற்றினார்.

இரவுகளில் ஜேர்மனிய விமானங்கள் குண்டு வீசின. அவ்வேளைகளில் அவர் கட்டிலின் கீழ் பதுங்கிக்கொள்வார். விடிந்ததும் ஆய்வுகூடத்துக்குப் போய், உடைந்து சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்வர். நம் நாட்டிலும் போர்க்காலத்தில் குப்பி விளக்கில் படித்தவர்களை உங்கள் குடும்பத்திலேயே நீங்கள் அறிவீர்கள். ஆகவே இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்நிறுவனத்தில் சி. டி. டார்லிங்டன் என்னும் புகழ்பெற்ற கலவியலாளருடன் சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் நிறமூர்த்த எண்ணிக்கைகளைத் தொகுத்தார். இருவர் பெயரும் தாங்கிய அந்நூல் 1945 இல் வெளிவந்தது. உலகெங்கும் பயிர் இனவிருத்தி செய்வோருக்கு அது அடிப்படை உசாத்துணை நூலாயிற்று.

6. கதிரை நிறுத்திய மருந்து

1945 இல் விஸ்லியிலிருந்த றோயல் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் கலவியலாளராகச் சேர்ந்தார். 1951 வரை அங்கிருந்தார். இங்குதான் கொல்ச்சிசீன் என்னும் மருந்தைக் கொண்டு அவர் செய்த பணி புகழ்பெற்றது.

கொல்ச்சிசீன் ஐரோப்பாவில் வளரும் ஒரு பூண்டின் கிழங்கிலிருந்து பெறப்பட்டது. மூட்டுவாதத்துக்கு அதை நெடுங்காலமாகப் பயன்படுத்தினர். தாவரங்களில் அது நிறமூர்த்தங்களை இரட்டிக்கச் செய்கிறது என்பது 1937 இல் வெளிப்பட்டது. எவ்வாறு? மேலே (ஆ) இல் சொன்ன தியூபியுலின் அலகுகளை நினைவுபடுத்துங்கள். கொல்ச்சிசீன் அந்த அலகுகளோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் அலகுகள் சேர்ந்து குழாயாக நீள முடிவதில்லை. குழாய் இல்லையேல் கதிர் இல்லை. கதிர் இல்லையேல் இழுவை இல்லை. அரைநிறவுருக்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்தாலும் எந்தப் பக்கமும் போகாமல் அங்கேயே கிடக்கும். பின்னர் அவை எல்லாவற்றையும் சூழ்ந்து ஒரே கருமென்சவ்வு உருவாகும். இரண்டு கலங்களுக்குரிய நிறமூர்த்தங்கள் ஒரே கலத்துக்குள் தங்கிவிடும். இருமடியம் நான்மடியமாகும்.

ஜானகி அம்மாள் மக்னோலியா என்னும் பூமரத்தின் நாற்றுகளைத் தெரிந்தெடுத்து, வித்திலைகள் விரிந்த பருவத்தில் வளரும் நுனிகளில் கொல்ச்சிசீன் கரைசலை இட்டார். நுனியை ஏன் தெரிவு செய்தார்? பிரியும் கலங்கள் அங்கேதான் உள்ளன; கதிர் உருவாகும் இடத்தில்தானே கதிரைத் தடுக்கலாம். அவர் பயன்படுத்திய இனங்களுள் ஒன்றில் 38 நிறமூர்த்தங்கள் இருந்தன. இரட்டித்தபோது 76 ஆயிற்று. கலம் பெரிதானது. இலைகளும் இதழ்களும் தடித்தன. அவர் வளர்த்த மக்னோலியாக்கள் விஸ்லித் தோட்டத்தில் நிலைபெற்றன. அவற்றுள் ஒரு வகைக்கு ஜானகி அம்மாள் என்றே பெயர்.

இரட்டிப்பதால் இன்னொரு பயனும் உண்டு. தூரத்து இனங்கள் இரண்டுக்குப் பிறந்த கலப்பினத்தில், ஒடுக்கற்பிரிவின்போது நிறமூர்த்தங்கள் தமக்குரிய சோடியைக் காண்பதில்லை. அதனால் நல்ல புணரிகள் உருவாகாமல் அக்கலப்பினம் மலடாகும். எண்ணிக்கை இரட்டித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சோடி கிடைக்கும், மலடும் நீங்கலாம்.

7. நம் ஊர்க் கொடியும் ஓர் எச்சரிக்கையும்

கொல்ச்சிசீன் ஐரோப்பியப் பூண்டில் மட்டும் இருப்பதன்று. வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் பற்றைகளில் ஏறிப் படர்ந்து, சிவப்பும் மஞ்சளுமாகச் சுடர்போல் மலரும் கார்த்திகைப்பூவை நீங்கள் அறிவீர்கள். செங்காந்தள் என்று இலக்கியம் சொல்லும் மலர் இதுவே. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. அங்கு சில மாவட்டங்களில் விவசாயிகள் இதை மருந்துக்காகப் பயிரிட்டு விதையை விற்கின்றனர். கொல்ச்சிசீன் இதன் விதையிலும் கிழங்கிலும் செறிந்துள்ளது.

இதன் கிழங்கைச் சிறிதளவு உண்டாலும் உயிர் போகலாம். வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணி உண்டு இறந்தவர்கள் நம் நாட்டில் உள்ளனர். ஏன் இறக்கிறார்கள் என்று இப்போது உங்களாலேயே சொல்ல முடியும். நம் உடலில் மிக விரைவாகப் பிரியும் கலங்கள் குடலின் உட்புறத்திலும் என்பு மச்சையிலும் மயிர்வேரிலும் உள்ளன. கதிர் உருவாகாவிட்டால் அக்கலங்கள் பிரிய முடியாமல் அழிகின்றன. எனவே முதலில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படும். பின்னர் குருதிக்கலங்கள் குறையும். தப்பியவர்களுக்குத் தலைமயிர் உதிரும். தாவரங்களைவிட விலங்குகளே இம்மருந்தால் எளிதில் பாதிக்கப்படுகின்றன. ஆகவே ஆய்வு செய்கிறோம் என்று எவரும் இக்கிழங்கைத் தோண்டவோ வாயில் வைக்கவோ கூடாது. எவரேனும் தெரியாமல் உண்டுவிட்டால் கைமருந்து செய்து காலம் தாழ்த்தாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அதே நஞ்சு விஞ்ஞானத்துக்கு உதவியதும் உண்மை. மனிதரின் உடற்கலத்தில் 48 நிறமூர்த்தங்கள் என்றே நெடுங்காலம் எல்லோரும் நம்பியிருந்தனர். 1955 இன் இறுதியில் சுவீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோ என்பவரும் அல்பேர்ட் லெவானும் வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்த மனிதக் கலங்களுக்குக் கொல்ச்சிசீன் இட்டனர். கதிர் இன்றிக் கலங்கள் அனுவவத்தையிலேயே நின்றன. நிறமூர்த்தங்கள் தெளிவாகப் பரவிக் கிடந்தன. எண்ணிப் பார்த்தபோது 46. முடிவு 1956 இல் வெளியாயிற்று. பின்னர் 1960 களில், கொல்ச்சிசீன் எந்தப் புரதத்தில் ஒட்டுகிறது என்று தேடிச் சென்றே தியூபியுலினையும் கண்டுபிடித்தனர். வீட்டு முற்றங்களில் பூக்கும் பட்டிப்பூ என்னும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படும் வின்கிறிஸ்ரீன் மருந்தும் கதிரைத் தடுப்பதுதான். கட்டுப்பாடின்றிப் பிரியும் புற்றுநோய்க் கலங்களை அழிக்க வைத்தியர்கள் அதைப் பயன்படுத்துகின்றனர்.

8. தாயகம் திரும்புதல்

1951 இல் பிரதமர் ஜவகர்லால் நேரு ஜானகி அம்மாளை இந்தியாவுக்குத் திரும்பி வருமாறு அழைத்தார். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1952 ஒக்ரோபரில் விசேட கடமை அலுவலராக அப்பணியை ஏற்றார். அலகாபாத்தில் மத்திய தாவரவியல் ஆய்வுகூடத்தின் தலைமைப் பொறுப்பையும் வகித்தார். பின்னர் ஜம்முவிலும் பணிபுரிந்தார். 1955 இல் ஐக்கிய அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் நகரில், மனிதன் புவியின் முகத்தை எவ்வாறு மாற்றினான் என்பது பற்றி நடந்த பெரும் ஆய்வரங்கில் அழைக்கப்பட்ட ஒரே பெண் அவரே. பழங்குடி மக்களின் தாவர அறிவைப் பதிவு செய்ய வேண்டும் என்பதை அவர் வலியுறுத்தி வந்தார். 1956 இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது.

1970 இல் சென்னையில் குடியேறினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு நிலையத்தில் ஓய்வின் பின்னும் ஆய்வைத் தொடர்ந்தார். நகருக்கு அண்மையில் மதுரவாயலில் இருந்த வெளிக்கள ஆய்வுகூடமே அவரது உலகமாயிற்று. மிக எளிமையாக வாழ்ந்தார். 1977 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியபோது அவருக்கு எண்பது வயதை அண்மித்திருந்தது.

அவ்வயதிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் அணை கட்டும் திட்டம் ஒன்று இருந்தது. அணை எழுந்தால் தொன்மையான மழைக்காடு நீரில் மூழ்கும். அதை எதிர்த்தவர்களோடு அவரும் சேர்ந்தார். அங்குள்ள மரங்களின் நிறமூர்த்தங்களைக் கணக்கெடுக்கும் பணியிலும் ஈடுபட்டார். வாழ்நாள் முழுவதும் தாவரங்களை மாற்றிப் புதியன செய்தவர், மாற்றப்படாத காடு ஒன்று இருந்தாக வேண்டும் என்று முதுமையில் வாதாடியதை எண்ணிப் பாருங்கள். புதிய இனத்தை உருவாக்க வேண்டிய பரம்பரையலகுகள் யாவும் காட்டில்தான் உள்ளன. காடு போனால் அவையும் போகும். காட்டுக் கரும்பு இல்லையேல் கோயம்புத்தூர்க் கரும்பும் இல்லை என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் எவர்?

1984 பெப்ரவரி 7 ஆந் திகதி, 86 ஆவது வயதில், அவர் காலமானார். அதே ஆண்டு நவம்பர் 15 ஆந் திகதி அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அதைக் காண அவர் இருக்கவில்லை.

9. இவரிடமிருந்து நீங்கள் அறிய வேண்டியது

பெண் என்பதாலும் பிறப்பாலும் ஒதுக்கப்பட்ட ஒருவர், எண்ணுவது என்னும் எளிய வேலையைப் பிழையின்றிச் செய்து உலகின் மதிப்பைப் பெற்றார். கலத்தின் வேலையும் அதுவே. ஒவ்வொரு பிரிவிலும் நிறமூர்த்தங்களை எண்ணிக்கை தவறாமல் பங்கிட வேண்டும். ஒன்று தவறினாலும் விளைவு பெரிது. புணரி உருவாகும்போது 21 ஆம் நிறமூர்த்தம் ஒன்று பிரியாமல் கூடுதலாகச் சென்றுவிட்டால், பிறக்கும் குழந்தைக்கு 47 நிறமூர்த்தங்கள் இருக்கும். அதுவே டவுன் சகசம். அது எவருடைய குற்றமும் அன்று. பாவத்தின் பலனும் அன்று. அத்தகைய பிள்ளைகள் உங்கள் அயலிலும் இருப்பார்கள். கதிரின் தொழிலைப் படித்த நீங்கள் அவர்களைப் பரிகசிப்போருக்கு இதை விளக்கிச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

நினைவிற் கொள்ள வேண்டிய ஆண்டுகள்

1882 – பிளெமிங் இழையுருப்பிரிவுக்குப் பெயரிட்டமை
1897 – ஜானகி அம்மாளின் பிறப்பு
1931 – மிச்சிகனில் கலாநிதிப் பட்டம்
1934 – கோயம்புத்தூர்க் கரும்பு ஆய்வின் தொடக்கம்
1937 – கொல்ச்சிசீன் நிறமூர்த்தங்களை இரட்டிப்பது வெளிப்பட்டமை
1945 – நிறமூர்த்தத் தொகுப்பு நூல் வெளியீடு
1956 – மனித நிறமூர்த்தங்கள் 46 என வெளியிடப்பட்டமை
1977 – பத்மஸ்ரீ விருது
1984 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. விலங்குக் கலத்தில் கதிர் உருவாவதில் புன்மையத்திகளின் பங்கு யாது? உயர் தாவரக் கலம் இதில் எவ்வாறு வேறுபடுகிறது?
2. மேன்முகவவத்தையில் கதிர்நார் குறுகுவதற்குக் காரணம் யாது?
3. 24 நிறமூர்த்தங்களைக் கொண்ட ஒரு தாவரக் கலம் பிரியத் தொடங்கும்போது கொல்ச்சிசீன் இடப்பட்டது. அக்கலத்தில் ஈற்றில் எத்தனை நிறமூர்த்தங்கள் இருக்கும்? காரணம் தருக.
4. கார்த்திகைக் கிழங்கின் நஞ்சு குடலையும் என்பு மச்சையையும் முதலில் தாக்குவது ஏன்?

மூன்றாம் வினாவுக்கு விடை 48 ஆகும். காரணத்தைக் கதிர் என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல், தியூபியுலினில் தொடங்கி நான்கு வசனங்களில் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் இப்பாடம் உங்களுக்கு விளங்கிவிட்டது.